ஒரு வழங்கி, இருபது திரைகள்

முன்னுரை

பள்ளியின் கணினி அறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அறையில் இருபது கணினிகள் இருக்கின்றன. அவற்றுள் எட்டு மட்டுமே நன்கு இயங்குகின்றன. மற்றவை இயங்கத் தொடங்குவதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கின்றன. சில இடையிலேயே நின்றுவிடுகின்றன. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பு அங்கே வரும்போது, ஒவ்வொரு கணினியையும் சுற்றி ஐவர் அமர்கின்றனர். ஒருவர் சுட்டியைப் பிடிக்கிறார், நால்வர் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். வீட்டில் கணினி உள்ள மாணவருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கோ அந்த நாற்பது நிமிடமே வாரத்தில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

கணினிகள் பழுதடைவதால் மட்டும் இந்நிலை ஏற்படுவதில்லை. வன்பொருள் நன்றாக இருக்கும்போதே மென்பொருள் அதனைக் கைவிடுவதும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் நிறுத்தியது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்கும் ஆற்றல் பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. ஆகவே, திரையும் விசைப்பலகையும் குறையின்றி இருந்தும் அவை 'பழையன' என ஒதுக்கப்படுகின்றன.

இந்நிலையில் பள்ளியின் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, இருபது புதிய கணினிகளை வாங்குவது. அதற்குப் பெரும்பணம் வேண்டும். மற்றொன்று, கணினிகள் வேலை செய்யும் முறையையே மாற்றுவது. அதற்குப் பணம் குறைவாகவும் அறிவு மிகுதியாகவும் வேண்டும். இரண்டாம் வழியைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

மெல்லிய முனையம்

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியில் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகிய மூன்றும் உள்ளன. இயங்குதளமும் பிற மென்பொருள்களும் வன்தட்டில் பதிந்திருக்கும். நாம் எழுதும் கட்டுரைகளும் வரையும் படங்களும் அங்கேயே சேமிக்கப்படும். இத்தகைய இருபது கணினிகள் இருந்தால், இருபது இயங்குதளங்களைத் தனித்தனியே நிறுவ வேண்டும். இருபதையும் தனித்தனியே புதுப்பிக்க வேண்டும். ஒன்றில் நச்சுநிரல் புகுந்தால் அதனைத் தனியே துப்புரவு செய்ய வேண்டும்.

மற்றொரு முறையில், ஆற்றல் மிக்க ஒரே கணினி அறையின் மூலையில் வைக்கப்படுகிறது. அதற்கு வழங்கி என்று பெயர். மாணவர் முன் இருக்கும் கருவியில் வன்தட்டு இருக்க வேண்டியதில்லை. பெரிய நினைவகமும் வேண்டியதில்லை. விசைப்பலகையில் மாணவர் தட்டுவதை அது வழங்கிக்கு அனுப்பும். வழங்கி திருப்பி அனுப்பும் காட்சியைத் திரையில் காட்டும். கணக்கிடுதல், நினைவில் வைத்தல், சேமித்தல் ஆகிய வேலைகள் அனைத்தும் வழங்கியிலேயே நடைபெறும். இவ்வாறு சுமை குறைந்த கருவியை மெல்லிய முனையம் என்பர். கணினித் துறையினர் இதனைத் 'தின் கிளையன்ட்' என்றே வழங்குவதும் உண்டு.

பெரிய வீட்டின் திருமணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் அமரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடுப்பு மூட்டுவதில்லை. சமையல் ஓரிடத்தில் நடைபெறுகிறது. ஒவ்வொருவர் முன்னும் இலை மட்டுமே விரிக்கப்படுகிறது. மெல்லிய முனையம் அந்த இலையைப் போன்றது.

முனையத்தை இயக்கியதும் நிகழ்வன

வன்தட்டு இல்லாத கருவி எவ்வாறு இயங்கத் தொடங்கும் என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். அது பின்வரும் வரிசையில் நிகழ்கிறது.

முதலாவதாக, முனையத்தின் பிணைய அட்டை விழித்தெழுந்து, "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்னும் பொருளுடைய செய்தியை வலையமைப்பு முழுவதற்கும் அனுப்புகிறது.

இரண்டாவதாக, வழங்கி அதற்கு விடையளிக்கிறது. முனையத்திற்கு எண்ணால் அமைந்த முகவரி ஒன்றைத் தருகிறது. எந்தக் கோப்பை எடுத்து இயங்க வேண்டும் என்பதையும் சொல்கிறது.

மூன்றாவதாக, முனையம் அக்கோப்பை வலையமைப்பின் வழியே தன் நினைவகத்திற்குள் எடுத்துக்கொள்கிறது. அக்கோப்பே இயங்குதளத்தின் கருப்பகுதி.

நான்காவதாக, இயங்குதளத்தின் எஞ்சிய பகுதிகள் வழங்கியின் வன்தட்டிலேயே இருக்க, முனையம் அவற்றைத் தன்னுடைய வன்தட்டில் இருப்பன போலவே கருதி, வேண்டும்போது படித்துக்கொள்கிறது.

இறுதியாக, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கம் திரையில் தோன்றுகிறது. மாணவர் தம் பெயரை இட்டதும், வழங்கியில் உள்ள அவருடைய கோப்புறை திறக்கிறது.

இதனால் ஒரு நன்மை உண்டு. மாணவர் நேற்று ஐந்தாம் முனையத்தில் அமர்ந்து பாதி எழுதிய கட்டுரையை இன்று பதினெட்டாம் முனையத்தில் அமர்ந்து தொடரலாம். ஒரு முனையம் பழுதானால் அதனை அகற்றி மற்றொன்றை அவ்விடத்தில் இணைத்தால் போதும். மாணவரின் உழைப்பு எதுவும் அழியாது.

பழைய கருத்து, புதிய வடிவம்

இம்முறை இன்று தோன்றியதன்று. 1960களிலும் 1970களிலும் கணினி என்பது ஓர் அறையையே நிரப்பும் பெரிய பொறியாக இருந்தது. அதன் விலை மிக அதிகமாதலால் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொண்டனர். ஒவ்வொருவர் மேசையிலும் இருந்தது தானே கணிக்கும் திறனற்ற முனையம் மட்டுமே. பின்னர்த் தனியாள் கணினிகள் மலிவாகி எங்கும் பரவியபோது, இப்பகிர்வுமுறை பின்தள்ளப்பட்டது.

ஆயினும் அதற்குத் தேவையான அறிவு மறையவில்லை. 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'எக்ஸ்' என்னும் சாளர அமைப்பு உருவாக்கப்பட்டது. ஒரு கணினியில் இயங்கும் மென்பொருளின் காட்சியை வலையமைப்பின் வழியே மற்றொரு கணினியின் திரையில் காட்டும் வசதி அதில் தொடக்கத்திலேயே இருந்தது. 1999இல் ஜிம் மக்குவில்லன் என்னும் அமெரிக்கர், லினக்ஸ் இயங்குதளத்தையும் இவ்வசதியையும் இணைத்து 'லினக்ஸ் முனைய வழங்கித் திட்டம்' என்பதைத் தொடங்கினார். இதனைச் சுருக்கமாக எல்.டி.எஸ்.பி. என்பர். பழைய கணினிகளை மெல்லிய முனையங்களாக மாற்ற விரும்பிய பள்ளிகள் பல இதனைப் பயன்படுத்தின. 2019இல் இத்திட்டத்தின் நிரல் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது.

திறமூலம் என்பதன் பொருள்

மெல்லிய முனையங்களை விலைக்கு வாங்கும் மென்பொருளைக் கொண்டும் இயக்கலாம். அவ்வாறாயின் பள்ளிகள் ஏன் திறமூல மென்பொருளைத் தேர்ந்தெடுத்தன? இதனை அறியக் கோலத்தை எடுத்துக்கொள்வோம்.

வாசலில் இட்ட கோலத்தைப் பார்த்து வியப்பது எளிது. அதன் புள்ளிக் கணக்கை அறிந்தவரோ அதனைத் தாமே இடலாம். ஒரு வரிசையைக் கூட்டலாம். ஓர் இழையை மாற்றிப் புதிய கோலம் ஆக்கலாம். அடுத்த வீட்டுச் சிறுமிக்கும் கற்றுக்கொடுக்கலாம். மென்பொருளுக்கும் இத்தகைய புள்ளிக் கணக்கு உண்டு. அதுவே மூலநிரல். நிரலாளர் எழுதிய கட்டளைகளின் தொகுதி அது. வணிக மென்பொருள் பலவற்றில் அது மறைத்து வைக்கப்படுகிறது. திறமூல மென்பொருளில் அது எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகிறது.

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், அனைவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க ஓர் இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். அத்திட்டத்தின் பெயர் ஜி.என்.யூ. மென்பொருளை இயக்குதல், அதன் அமைப்பை ஆராய்தல், பிறருக்குப் பகிர்தல், திருத்தி வெளியிடுதல் ஆகிய நான்கு உரிமைகளும் பயன்படுத்துவோருக்கு இருக்க வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. இந்நான்கும் உள்ள மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தே முழுமையான கட்டற்ற இயங்குதளம் உருவாயிற்று.

பள்ளிக்கு இதனால் விளையும் பயன் இரண்டு. இருபது திரைகளுக்கு இருபது உரிமங்கள் வாங்க வேண்டியதில்லை என்பது முதற்பயன். இது கண்ணுக்குத் தெரியும் பயன். தனக்கு வேண்டியவாறு மென்பொருளை மாற்றிக்கொள்ள எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை என்பது இரண்டாம் பயன். இதன் அருமையை நார்வே நாட்டின் வரலாறு நன்கு உணர்த்துகிறது.

நார்வே நாட்டின் முயற்சி

நார்வே ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள நாடு. 2001இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 45 இலட்சம். நார்வே மொழிக்குப் பூக்மோல், நீநோர்ஸ்க் என இரண்டு எழுத்து வடிவங்கள் உள்ளன. பள்ளிப் பாடநூல்கள் இரு வடிவங்களிலும் கிடைக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நாட்டின் வடபகுதியில் வாழும் சாமி மக்கள் பேசும் மொழியோ நார்வே மொழியோடு உறவற்ற வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது.

அச்சிட்ட நூல்களில் இம்மொழிகளுக்கு இடம் இருந்தது. கணினித் திரையில் போதிய இடம் இல்லை. நீநோர்ஸ்க் எழுதுவோர் தொகை சிறிது. சாமி மொழி பேசுவோர் தொகை அதனினும் சிறிது. மூலநிரல் மூடப்பட்டிருக்கும்வரை, நிறுவனம் முன்வந்தாலன்றி அம்மொழிகள் திரையில் தோன்ற இயலாது.

2001ஆம் ஆண்டு நார்வேயின் நிரலாளர் சிலர் ஒன்றுகூடி 'ஸ்கூலெலினக்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். 'ஸ்கூலெ' என்பது பள்ளியைக் குறிக்கும் நார்வேச் சொல். 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு, பள்ளிக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே தொகுப்பாக அவர்கள் அமைத்தனர். மென்பொருள்களைப் பூக்மோல், நீநோர்ஸ்க், வட சாமி ஆகிய மூன்றிலும் மொழிபெயர்ப்பதும் அவர்களின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. மூலநிரல் திறந்திருந்தமையால் எவருடைய அனுமதிக்காகவும் அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பின்னர் இத்திட்டம் 'டெபியன் எடு' என்னும் பன்னாட்டு முயற்சியோடு இணைந்து, பிற நாட்டுப் பள்ளிகளுக்கும் பயன்பட்டது.

இத்தொகுப்பில் மெல்லிய முனையங்களுக்கான ஏற்பாடும் உள்ளது. முதன்மை வழங்கி மாணவர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் கோப்புகளையும் காக்கிறது. அதனோடு இணைந்த முனைய வழங்கி, திரைகளை இயக்குகிறது. முதன்மை வழங்கிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஷேனர்'. நார்வே மொழியில் அதற்குப் 'பணியாள்' என்று பொருள். ஆங்கிலச் சொல்லான 'சர்வர்' என்பதும் பணிசெய்வதையே குறிக்கும். தமிழில் நாம் 'வழங்கி' என்கிறோம். பணிசெய்பவர் என்னும் கருத்தைவிடக் கொடுப்பவர் என்னும் கருத்து அதில் முன்நிற்கிறது.

கேரளத்தின் பட்டறிவு

நம் நாட்டில் கேரள மாநிலம் 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. படிப்படியாக அதன் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. கேரளத்தின் மாற்றத்திற்கு மெல்லிய முனையங்கள் அடிப்படையல்ல. தனித்தனிக் கணினிகளில் லினக்ஸை நிறுவுவதே அங்கு முதன்மையான வழியாக இருந்தது. ஆயினும் மற்றப் பள்ளிகள் அறிய வேண்டிய ஒரு பாடம் அதில் உண்டு. மென்பொருளை மாற்றியதோடு அம்மாநிலம் நின்றுவிடவில்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தது. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் பள்ளிகளில் தொடங்கப்பட்டன. வன்பொருள், அசைவூட்டம், இணையப் பாதுகாப்பு ஆகியவற்றோடு மலையாளக் கணிமையும் அம்மன்றங்களில் கற்பிக்கப்படுகிறது. கருவியைப் பயன்படுத்தும் மாணவரே அதனைப் பேணவும் அறிந்தவராகின்றனர்.

மாற்றத்தைத் திட்டமிடுதல்

ஒரு பள்ளி மெல்லிய முனையங்களுக்கு மாற விரும்பினால், முதலில் தன்னிடம் உள்ளவற்றைக் கணக்கெடுக்க வேண்டும். ஒவ்வொரு பழைய கணினியிலும் பிணைய அட்டை உள்ளதா, வலையமைப்பின் வழியே அது இயங்கத் தொடங்குமா என்று பார்க்க வேண்டும். அடுத்து, எந்தெந்தப் பாடத்திற்கு எந்தெந்த மென்பொருள் பயன்படுகிறது என்று பட்டியலிட வேண்டும். கடிதமும் அட்டவணையும் எழுத லிப்ரே ஆபிஸ், படங்களைத் திருத்த கிம்ப், சிறுவர் வரைந்து பழக டக்ஸ் பெயின்ட், தனிம அட்டவணையைக் கற்கக் கால்சியம், இரவு வானத்தைக் காணக் கே ஸ்டார்ஸ் எனக் கட்டற்ற மென்பொருள்கள் பல உள்ளன. ஈடு இல்லாத மென்பொருள் ஏதேனும் இருந்தால், அதற்காக ஓரிரு கணினிகளைப் பழைய முறையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பின்னர் வழங்கியின் அளவைக் கணக்கிட வேண்டும். பந்திக்கு அரிசி அளப்பதுபோல, அடிப்படைக்கு ஓர் அளவும் தலைக்கு ஓர் அளவும் கொள்ள வேண்டும். எல்.டி.எஸ்.பி.யின் பழைய கையேடு இதற்கு ஒரு வாய்ப்பாடு தந்தது. வழங்கிக்கு 256 மெகாபைட், ஒவ்வொரு முனையத்திற்கும் 192 மெகாபைட் நினைவகம் வேண்டும் என்பது அது. இருபது முனையங்களுக்கு:

192 × 20 = 3,840
3,840 + 256 = 4,096 மெகாபைட்

இது சரியாக 4 கிகாபைட். இன்றைய இணைய உலவிகள் மிகுதியான நினைவகத்தைக் கேட்பதால், இந்த அளவு இப்போது போதாது. தலைக்கு உரிய அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கணக்கிடும் முறை மாறாது.

வலையமைப்பின் கொள்ளளவும் முக்கியமானது. வழங்கியிலிருந்து செல்லும் கம்பி நொடிக்கு 1,000 மெகாபிட் கடத்துவதாயின், இருபது முனையங்களும் ஒரே நேரத்தில் முழுமையாகக் கேட்டாலும் ஒவ்வொன்றுக்கும் 50 மெகாபிட் கிடைக்கும். எழுதுதல், படித்தல், கணக்கிடுதல் ஆகியவற்றுக்கு இது தாராளம்.

இவை முடிந்தபின், அறை முழுவதையும் ஒரே நாளில் மாற்றிவிடலாகாது. மூன்று நான்கு முனையங்களை மட்டும் இணைத்து ஒரு பருவம் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் கண்ட குறைகளைக் களைந்தபின் எஞ்சியவற்றை இணைப்பதே முறை.

இடர்ப்பாடுகள்

எந்த ஏற்பாட்டிற்கும் மறுபக்கம் உண்டு. மெல்லிய முனையங்களுக்கும் சில குறைகள் இருக்கின்றன.

முதற்குறை காணொளி. ஒரு திரையில் அகலவாக்கில் 1,024 புள்ளிகளும் உயரவாக்கில் 768 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 7,86,432 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட் வேண்டும். நொடிக்கு 25 படங்களைச் சுருக்காமல் அனுப்பினால் ஏறத்தாழ 47 கோடி பிட் செல்ல வேண்டும். முனையத்திற்கு வரும் கம்பி நொடிக்கு 10 கோடி பிட் மட்டுமே கடத்துமாயின், காணொளி தடுமாறித் தடுமாறியே ஓடும். இதற்கு ஒரு தீர்வு உண்டு. முனையத்தில் ஓரளவு நல்ல செயலியும் நினைவகமும் இருந்தால், மென்பொருளை வழங்கியிலிருந்து எடுத்துத் தானே இயக்குமாறு அதனை அமைக்கலாம். அப்போது சுருக்கப்பட்ட காணொளி அவ்வாறே முனையத்தை வந்தடைந்து, அங்கே விரிகிறது. இத்தகைய கருவியை வன்தட்டற்ற பணிநிலையம் என்பர். எல்.டி.எஸ்.பி. இப்போது இம்முறைக்கே முதலிடம் தருகிறது.

இரண்டாம் குறை இன்னும் பெரிது. தனித்தனிக் கணினிகளில் ஒன்று நின்றால் ஒருவர் வேலை மட்டுமே நிற்கும். வழங்கி நின்றால் இருபது திரைகளும் ஒன்றாக இருளும். ஆகவே, மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ். வழங்கிக்குக் கட்டாயம் தேவை. கோப்புகளின் காப்புப்பிரதியை வேறிடத்தில் நாள்தோறும் எடுத்துவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழங்கியை அறிந்த ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டுமே அறிந்திருந்து, அவர் வேறு ஊருக்கு மாறிச் சென்றுவிட்டால், நன்றாக இயங்கிய அறையும் சில மாதங்களில் பூட்டப்படும். இருவர் மூவர் அறிந்திருப்பதும், செய்த மாற்றங்களை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் இன்றியமையாதன.

உரிமத்திற்குச் செலவிடாமல் மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு பகுதியையேனும் பயிற்சிக்குச் செலவிடாத பள்ளிக்கு இம்மாற்றம் நிலைத்த பயனைத் தராது. பணத்தால் தீர்த்துவந்த ஒன்றை அறிவால் தீர்க்க முற்படும்போது, அவ்வறிவை வளர்ப்பதும் செலவுக் கணக்கில் சேரும்.

தாய்மொழித் திரை

நார்வே நாட்டு நிரலாளர் செய்த பணியைத் தமிழுக்கும் பலர் செய்துள்ளனர். பல நாடுகளில் வாழும் தமிழார்வலர்கள், கே.டி.இ., நோம் ஆகிய கட்டற்ற மேசைச் சூழல்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டனர். சேமி, திற, அச்சிடு, வெளியேறு போன்ற கட்டளைகள் திரையில் தமிழில் தோன்ற அவர்களே காரணர். தமிழ்நாடு அரசு 1999இல் அறிவித்த தமிழ் 99 விசைப்பலகை அமைப்பையும் லினக்ஸில் பயன்படுத்தலாம். நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றில் இயங்குகிறது. அதன் உருவாக்கத்தில் சென்னை மையத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

ஒரே வழங்கியில் பல மொழிகளை நிறுவி வைக்கலாம். ஒவ்வொருவரும் உள்நுழையும்போது தமக்கு வேண்டிய மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். ஆகவே, தில்லியிலோ மும்பையிலோ உள்ள பள்ளியொன்றில், ஒரு திரை இந்தியிலும் அடுத்த திரை மராத்தியிலும் அதற்கடுத்த திரை தமிழிலும் இருக்க இயலும். மூவரும் அமர்ந்திருப்பது ஒரே அறையில். மூவருக்கும் ஈவது ஒரே வழங்கி. தமிழ் கற்கும் மாணவர் இருவரோ மூவரோதான் இருக்கின்றனர் என்பது தடையாகாது. அவர்களுக்காகத் தனிக் கணினி வாங்க வேண்டியதில்லை. மொழிக்கோப்பு ஒன்றை நிறுவினால் போதும்.

அம்மொழிபெயர்ப்புகளில் இன்னும் நிறைவு பெறாதனவும் பிழையானவையும் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் உரிமை படிப்பவர் எவருக்கும் உண்டு. இன்று திரையில் ஒரு சொல் பொருத்தமற்றது என்று காணும் மாணவர், நாளை அதனைத் திருத்தி அனுப்பலாம். அத்திருத்தம் ஏற்கப்பட்டால், அச்சொல் உலகெங்கும் உள்ள தமிழ்த் திரைகளில் மாறும்.

முடிவுரை

பழைய கணினிகளை ஒதுக்காமல் பயன்படுத்துவதும், செலவைக் குறைப்பதும் மெல்லிய முனையங்களின் வெளிப்படையான பயன்கள். ஐவர் சூழ்ந்து அமர்ந்த இடத்தில் இருவர் அமர்ந்து கற்பது அவற்றினும் சிறந்த பயன். திறமூலம் இவற்றோடு மேலும் ஒன்றைத் தருகிறது. தன் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பள்ளி அறியலாம். பழுதைத் தானே நீக்கலாம். தன் மாணவரின் மொழியில் அதனைப் பேசவைக்கலாம். இதற்கு விலையாக அது கேட்பது கற்கும் ஆர்வமும் கற்றதைப் பிறருக்குச் சொல்லும் மனமுமே ஆகும்.

அருஞ்சொற்பொருள்

வழங்கி – பிற கணினிகளுக்குக் கோப்புகளையும் சேவைகளையும் அளிக்கும் கணினி
முனையம் – வழங்கியோடு இணைந்த திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி
இயங்குதளம் – கணினியின் உறுப்புகளை இயக்கும் அடிப்படை மென்பொருள்
வன்தட்டு – கோப்புகளை நிலையாகச் சேமிக்கும் உறுப்பு
மூலநிரல் – நிரலாளர் எழுதிய கட்டளைகளின் தொகுதி
நச்சுநிரல் – கணினிக்குக் கேடு செய்யும் நிரல்
உரிமம் – பயன்படுத்துவதற்கான இசைவு ஆவணம்
பட்டறிவு – அனுபவத்தால் பெற்ற அறிவு
கணிமை – கணினியைக் கொண்டு செய்யும் பணி

பயிற்சி

அ. ஓரிரு சொற்களில் விடை தருக.
1. எல்.டி.எஸ்.பி. திட்டத்தைத் தொடங்கியவர் யார்?
2. ஸ்கூலெலினக்ஸ் எந்த ஆண்டில் தொடங்கப்பட்டது?
3. 'ஷேனர்' என்னும் நார்வேச் சொல்லின் பொருள் யாது?

ஆ. சில வரிகளில் விடை தருக.
1. கட்டற்ற மென்பொருள் தரும் நான்கு உரிமைகள் யாவை?
2. மெல்லிய முனையத்தில் காணொளி தடுமாறுவது ஏன்? அதற்குரிய தீர்வு யாது?
3. நீநோர்ஸ்க், சாமி ஆகியவற்றுக்குத் திறமூலம் எவ்வாறு உதவியது?

இ. பிரித்து எழுதுக.
வலையமைப்பு, விசைப்பலகை, மூலநிரல், தாய்மொழி

ஈ. கணக்கிடுக.
பாடத்தில் உள்ள வாய்ப்பாட்டின்படி முப்பது முனையங்களுக்கு எத்தனை மெகாபைட் நினைவகம் வேண்டும்?

உ. சிந்தித்து எழுதுக.
உங்கள் பள்ளியின் கணினி அறையைப் பார்வையிட்டு, அங்கு மெல்லிய முனையங்களை அமைப்பது பொருந்துமா என்பதைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக. நன்மைகளையும் இடர்களையும் தனித்தனியே குறிப்பிடுக.